அந்த டம்ளரில் என்ன இருக்கிறது?

கேள்வி:

எனக்கு 44 வயது. மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஆறு வருடமாக ஒரு அக்கா வேலைக்கு வருகிறார். பாத்திரம் தேய்ப்பது, வீடு கூட்டித் துடைப்பது, சில நாள் காய் நறுக்கித் தருவது எல்லாம் அவர்தான். அவருக்கென்று ஒரு டம்ளர் பின்பக்க ஜன்னல் திண்டில் தனியாக இருக்கும். என் மாமியார் நாளிலிருந்தே அப்படித்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதுகூட இல்லை. போன மாதம் கல்லூரி விடுதியிலிருந்து வந்த மகள், அக்காவுக்கு எங்கள் டம்ளரிலேயே காபி கொடுத்துவிட்டாள். அக்கா குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் நான் அந்த டம்ளரை எடுத்து வெந்நீர் விட்டு மறுபடியும் தேய்த்தேன். மகள் பார்த்துவிட்டாள். "அந்த டம்ளர்ல என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் சாதி பார்க்கிறவள் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தினமும் எத்தனையோ பேருடைய ரத்தத்தைக் கையாள்கிறேன். அதில் சாதி எதுவும் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த டம்ளரில் குடிக்க உடம்பு கூசுகிறது. சுத்தம் பார்ப்பதும் தப்பா? அறிவுக்குத் தெரிந்தது மனசுக்கு ஏன் ஏறமாட்டேன் என்கிறது? இந்த வயதில் இது மாறுமா? 76 வயது மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் குடித்த டம்ளரை அவருடைய சாதியை மனதில் வைத்துத் தனியாக வைப்பதற்குப் பெயர் தீண்டாமை. டீக்கடையில் செய்தால் இரட்டைக் குவளை என்கிறோம். அதே பழக்கம் வீட்டுச் சமையலறையில் இருக்கும்போது அதற்குப் பெயரே வைப்பதில்லை. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமே வந்தது. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் இதைச் சரி செய்ய முடியாது என்பதால் சொல்கிறேன்.

நீங்கள் மட்டும் இப்படி இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். 2011-12-இல் நாடு முழுக்க நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் எடுத்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், 'உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பார்ப்பதுண்டா?' என்று கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது: 'தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரத்தைப் புழங்கினாலோ பரவாயில்லையா?' இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது நாலில் ஒரு குடும்பத்துக்கும் மேல் ஏதோ ஒரு விதத்தில் தீண்டாமை பார்ப்பது தெரிந்தது. அந்த இரண்டாவது கேள்வியை யோசித்துச் சேர்த்தவரைப் பாராட்ட வேண்டும். முதல் கேள்விக்கு மனசாரவே 'இல்லை' என்று சொல்லிவிட்டு, இரண்டாவதில் தயங்கி நிற்பவர்கள் நிறையப் பேர். நீங்களும் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள்.

சரி, உடம்பு ஏன் கூசுகிறது?

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ரோசின் என்ற உளவியலாளர், அருவருப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் 1986-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். செத்த கரப்பான்பூச்சி ஒன்றைக் கிருமி நீக்கம் செய்து, ஜூஸில் முக்கி எடுத்து, அந்த ஜூஸைக் குடிக்கச் சொன்னார்கள். கிருமி இல்லை என்று தெரிந்தும் மக்களுக்கு மனம் வரவில்லை. அடுத்தது இன்னும் முக்கியம். இரண்டு பாட்டில்களில் எல்லோர் கண் முன்னாலும் சாதாரணச் சர்க்கரையைக் கொட்டினார்கள். பங்கேற்றவர் கையிலேயே இரண்டு லேபிள்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் சர்க்கரை என்றும், இன்னொன்றில் சோடியம் சயனைடு என்றும் எழுதியிருந்தது. எதை எந்தப் பாட்டிலில் ஒட்டுவது என்பது அவரவர் இஷ்டம். பிறகு ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் சர்க்கரை எடுத்துத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். சயனைடு என்று தாங்களே சற்று முன் லேபிள் ஒட்டிய பாட்டிலின் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கத் தயங்கினார்கள்.

கொட்டியது சர்க்கரை என்று கண் பார்த்தது. லேபிளை ஒட்டியது தன் கை. அப்படியும் உடம்பு லேபிளைத்தான் நம்பியது. அருவருப்பு என்ற உணர்ச்சி அப்படித்தான் செயல்படும். உள்ளே என்ன இருக்கிறது என்று அது ஆராய்வதில்லை. கெட்டுப்போன சாப்பாட்டிலிருந்து நம்மைக் காப்பாற்ற வந்த உணர்ச்சி அது. யோசித்து முடிவெடுக்க அதற்கு நேரம் கிடையாது. ஆனால் கரப்பானைப் பார்த்தால் கூசுவதையும் மனுஷியைப் பார்த்தால் கூசுவதையும் ஒன்றாக வைத்துவிட வேண்டாம். பூச்சியைத் தள்ளி வைப்பதில் ஓர் அர்த்தம் உண்டு. உங்கள் வீட்டுக்கு வரும் அக்கா மீது இருப்பது வெறும் லேபிள் மட்டும்தான். அதை ஒட்டியது நீங்கள் இல்லை, உங்களுக்குப் பல தலைமுறை முந்தியவர்கள். ஜன்னல் திண்டில் இருக்கும் அந்த டம்ளர் அதைத் தினமும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது.

'அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதுகூட இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பேசத் தேவையே இருந்திருக்காது. இத்தாலியில் லூய்ஜி காஸ்தெல்லி என்பவரும் சக ஆய்வாளர்களும் பள்ளிக்குப் போகாத வயதுச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பினத்தவர் ஒருவரிடம் பேசும் காட்சி. சில வீடியோக்களில் அவர் வாயால் நல்லதாகப் பேசினார், ஆனால் தள்ளி உட்கார்ந்தார், முகம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொண்டார்கள் தெரியுமா? பேச்சை இல்லை, தள்ளி உட்கார்ந்ததை. 2008-இல் வந்த ஆய்வு இது. உங்களுக்கும் பாடம் இப்படித்தான் ஏறியிருக்கும். டம்ளரைத் தூக்கிப் பிடித்துக் காபி ஊற்றும் கை, கொடுக்கும்போது தரையில் வைத்துவிட்டு நகரும் கை, இதையெல்லாம் நாலைந்து வயதில் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் படித்த சமத்துவம் அதற்குப் பிறகு வந்தது. உங்கள் மகள் விஷயத்தில் நல்ல வேளை, அவள் பார்த்தபோது கேள்வி கேட்கும் வயதில் இருந்தாள். 'பழக்கம்டா, தப்பான பழக்கம், மாத்திக்கிறேன்' என்று அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். சுத்தம், கித்தம் என்று சுற்றி வளைக்க வேண்டாம்.

இந்தச் சுத்தம் என்ற வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். படித்தவர்களை அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

உங்கள் வீட்டில் எல்லா டம்ளரையும் கழுவுவது யார்? அதே அக்காதான். நீங்கள் காலையில் குடிக்கும் தண்ணீர்ச் செம்பு, மாமியாரின் மாத்திரைக் கிண்ணம், மகளின் டிபன் பாக்ஸ் எல்லாம் அந்தக் கைகள் தேய்த்துக் கவிழ்த்தவை. காய் நறுக்குவதும் அதே கைகள். அந்தக் கை பட்ட ஆயிரம் பாத்திரத்தில் கூசாத உடம்பு, அந்த உதடு பட்ட ஒரு டம்ளரில் கூசுகிறது. எச்சில்தான் பிரச்சினை என்றால், வீட்டில் ஐந்தாறு பேர் குடித்த டம்ளர்கள் ஒரே சிங்க்கில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றனவே, அது எப்படிப் பரவாயில்லை ஆனது? ஹோட்டலில் டபராவும் டம்ளருமாக காபி வந்தால், முந்தின நிமிடம் அதில் குடித்தவர் யார் என்று கேட்டுவிட்டா குடிக்கிறீர்கள்? சளியும் இருமலுமாக வந்த சொந்தக்காரருக்கு எந்த டம்ளரில் வெந்நீர் கொடுத்தீர்கள்? கிருமி எப்படிப் பரவும், எப்படிப் போகும் என்பதை உங்கள் லேபில் தினமும் கையாள்கிறீர்கள். நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தேய்த்துக் கழுவிக் காயவைத்த எவர்சில்வர் டம்ளரில் பயப்படும்படி எதுவும் மிச்சமில்லை. சுத்தம் பார்ப்பது தப்பில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி பாருங்கள். ஒருவருக்கு மட்டும் பார்த்தால் அது சுத்தம் இல்லை.

அறிவு இருந்தும் ஏன் மாறவில்லை என்று கேட்டீர்களே, அதில் ஒரு பாதிப் பதில் இங்கே இருக்கிறது. நம் அறிவு பல சமயம் உணர்ச்சியைக் கேள்வி கேட்பதில்லை, அதற்குச் சப்பைக்கட்டு கட்டுகிறது. உடம்பு முதலில் கூசுகிறது. அப்புறம் மூளை 'சுத்தம்' என்று ஒரு கௌரவமான காரணத்தைத் தேடிக் கொடுக்கிறது. கெட்டிக்காரராக இருந்தால் தப்பிவிடலாம் என்றும் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹன் குழு, அமெரிக்கர்களிடம் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்த்தது. தங்கள் அரசியல் நம்பிக்கைக்கு எதிரான விடை வந்தபோது, கணக்கில் புலிகளாக இருந்தவர்களும் தடுமாறினார்கள். சொல்லப்போனால் இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளி அவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. திறமையை உண்மையைத் தேடப் பயன்படுத்தலாம். தனக்குப் பிடித்த முடிவைக் காப்பாற்றவும் பயன்படுத்தலாம்.

அப்படியானால் அறிவால் பயனே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் உணர்ச்சியோடு வாதாடி ஜெயிப்பது அதன் வேலை இல்லை. 'எல்லோரும் சமம், எல்லோரும் சமம்' என்று மனதுக்குள் நூறு முறை சொன்னாலும் கூச்சம் போகாது. அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா டிவைன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விஷயம் தெரிந்தது. கறுப்பினத்தவரைப் பற்றி ஊரில் உலவும் மட்டமான எண்ணங்கள், இனவெறுப்பு அதிகம் உள்ளவர்களுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கும் ஒரே அளவு தெரிந்திருந்தன. சட்டென்று மனதில் எழுவதும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். ஒருவர் அந்த எண்ணத்தின் பின்னால் போனார். மற்றவர் அதை நிறுத்தி, தான் நம்பும் கொள்கையைக் கொண்டு பதில் சொன்னார். முதலில் எழுவது உங்கள் கையில் இல்லை. வெந்நீர் எடுக்கப் போவது உங்கள் கையில் இருக்கிறது. அறிவு நிற்க வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவில்.

ஆகவே மனசு மாறட்டும், அப்புறம் டம்ளரை மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் டம்ளரை மாற்றுங்கள். ஜன்னல் திண்டில் இருப்பதை எடுத்து மற்ற டம்ளர்களோடு அலமாரியில் வையுங்கள். கீறல், புள்ளி, பெயர் வெட்டியது என்று அதில் ஏதாவது அடையாளம் இருந்தால் அதைப் புழக்கத்திலிருந்தே எடுத்துவிட்டு, ஒரே மாதிரி அரை டஜன் வாங்கிப் போடுங்கள். எது யார் குடித்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி இருக்க வேண்டும். கண்டுபிடிக்க முடிந்தால் மூளை கண்டுபிடித்துக்கொண்டேதான் இருக்கும். கழுவிக் கவிழ்த்ததை மறுபடி கழுவக் கூடாது என்பதை ஒரு கட்டாய விதியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் குடிக்கும்போது தொண்டையில் ஏதோ இறங்காத மாதிரி இருக்கும். இருக்கட்டும், குடியுங்கள். பயத்தைவிட அருவருப்பு மெதுவாகத்தான் கரையும். மனநலச் சிகிச்சையில் நாங்கள் தொடர்ந்து பார்ப்பது இது. ஒவ்வொரு முறை மறு கழுவல் செய்யும்போதும், ஏதோ ஆபத்திலிருந்து தப்பித்த மாதிரி ஒரு நிம்மதி வரும். கூச்சத்தை உயிரோடு வைத்திருப்பது அந்த நிம்மதிதான். அதை நிறுத்தினால் கூச்சம் பட்டினி கிடந்து மெலியும். ஒருவேளை உங்களுக்கு யார் தொட்ட எதையும் திரும்பத் திரும்பக் கழுவாமல் இருக்க முடியவில்லை, கை தோல் உரியும் அளவுக்குப் போகிறது என்றால் அது வேறு பிரச்சினை. மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

இங்கே நியாயமாக ஒரு சந்தேகம் வரும். ஆறு வருடம் ஒரே வீட்டில் பழகியும் கூச்சம் போகவில்லையே, பழகினால் போகும் என்கிறார்களே? அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்கு விடை எழுதிவிட்டார். வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதாது. பழகும் இடத்தில் இருவரும் சமமாக இருக்க வேண்டும், ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், அதற்கு மேலே உள்ளவர்களின் ஆதரவு இருக்க வேண்டும். எசமானியும் வேலைக்காரியுமாக அறுபது வருடம் ஒரே சமையலறையில் இருந்தாலும் இது எதுவும் நடக்காது. உத்தரப் பிரதேசத்தில் மேத்யூ லோ என்ற பொருளாதார ஆய்வாளர், வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டி நடத்தினார். வேறு சாதிக்காரர்களோடு ஒரே அணியில் விளையாடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. சொந்த சாதிக்காரருக்குச் சலுகை காட்டுவது குறைந்தது. எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. நீங்கள் இருவரும் ஒரே அணியாக இருக்கும் வேளை ஏதாவது உண்டா? அவர் பிள்ளையின் மருத்துவப் பரிசோதனைத் தாளை உங்களிடம் காட்டி விளக்கம் கேட்டதுண்டா? மாமியாருக்கு முடியாமல் போன ராத்திரி அவரும் நீங்களும் சேர்ந்து தூக்கியதுண்டா? அந்த மாதிரி வேளைகளை அதிகமாக்குங்கள். காபி குடிக்கும் பத்து நிமிடம் இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து குடியுங்கள்.

ஆனால் ஒன்று, உங்கள் மனசை ஆற்றுவது அந்த அக்காவின் வேலை இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்டால், அவர் வேலையையும் சம்பளத்தையும் நினைத்து 'அய்யோ, விடுங்கம்மா, அதனால என்ன' என்று உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அது அவர் மேல் இன்னொரு பாரம். 'இனிமே தனி டம்ளர் வேண்டாம்க்கா, இத்தனை நாள் வச்சிருந்தது எங்க தப்பு' என்று ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அவர் உடனே நாற்காலியில் உட்கார மாட்டார். பழைய டம்ளரையே தேடலாம், பேசாமலும் இருக்கலாம். இந்த மாற்றம் எத்தனை நாளைக்கு, பெரியம்மா திட்டினால் யார் பொறுப்பு என்று அவருக்கு ஆயிரம் யோசனை இருக்கும். அவரை நம்பவைக்க அவசரப்படாதீர்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். சட்டப் பிரிவையும் ஆய்வையும் சொல்லி அவரோடு சண்டை போட்டால் அவர் இன்னும் இறுகுவார். அமெரிக்காவில் மயாமி நகரில் டேவிட் புரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட ஒரு முறை எனக்குப் பிடிக்கும். வாக்காளர்கள் வீட்டுக்குப் போய், திருநர் மீதான வெறுப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். பிரசங்கம் செய்யவில்லை. 'நீங்கள் மற்றவர்களைவிட வேறாக இருந்ததற்காக உங்களை யாராவது ஒதுக்கியதுண்டா?' என்று கேட்டு, சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் வெறுப்பு குறைந்தே இருந்தது.

உங்கள் மாமியாரிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. அவர் வயதுப் பெண்கள் பலரும் மாதத்தில் மூன்று நாள் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாயோடு கொல்லைப்பக்கம் உட்கார்ந்தவர்கள். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்த மாமியாரை அவரும் பார்த்திருப்பார். ஒரு மத்தியானம், வேறு யாரும் இல்லாதபோது, 'அத்தை, அந்தக் காலத்துல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள். அவர் பேசட்டும். நடுவில் டம்ளர் பேச்சை எடுக்காதீர்கள், முடிச்சும் போடாதீர்கள். இன்னொரு நாள் அவராகவே போட்டாலும் போடுவார். போடாவிட்டாலும், அவர் மனசு மாறும் வரை டம்ளரை மாற்றாமல் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டை நடத்துவது இப்போது நீங்கள். 'அத்தைக்குத் தனி டம்ளர் வேணும்னா அத்தை வச்சுக்கட்டும், அக்காவுக்குக் கிடையாது' என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

இந்த வயதில் மாறுமா என்று கேட்டீர்கள். மாறும், ஒரே நாளில் இல்லை. மனதின் ஆழத்தில் உள்ள சாய்வுகளை மாற்ற ஒன்பது குறுகிய உத்திகளைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2016-இல் வந்தது. எல்லாமே உடனடியாகப் பலன் தந்தன. சில மணி நேரத்திலோ சில நாளிலோ அந்தப் பலன் காணாமல் போனது. ஒரு நாள் உருக்கம் போதாது, தினசரிப் புழக்கம் மாற வேண்டும் என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். எப்போதாவது கல்யாண வீட்டிலோ பயணத்திலோ பழைய கூச்சம் திடீரென்று எட்டிப் பார்க்கும். நான் கெட்டவள், மாறவே மாட்டேன் என்று அப்போது உடைந்துபோக வேண்டாம். குற்ற உணர்ச்சிக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. அடுத்த முறை கை நீளும் முன் உங்களை நிறுத்த அது உதவும். அதற்கு மேல் அதை வளர்த்து உங்களையே வதைத்துக்கொண்டால் கவனம் முழுக்க உங்கள் மேலேயே நிற்கும், அக்கா மறந்துபோவார்.

டம்ளரோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். அவர் உங்கள் வீட்டில் எந்தக் கழிவறைக்குப் போகிறார், அல்லது வீடு திரும்பும் வரை அடக்கிக்கொள்கிறாரா என்று யோசியுங்கள். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறதா? மிஞ்சினதைத்தான் சாப்பிடக் கொடுக்கிறீர்களா, செய்ததிலிருந்தா? கூலி கடைசியாக எப்போது ஏறியது? தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் நல வாரியம் அமைத்திருக்கிறார்கள். பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி, வயதான பின் ஓய்வூதியம் போன்றவை உண்டு. அக்கா அதில் பதிந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். பதியவில்லை, பதிய விருப்பம் என்றால் ஒரு நாள் லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படத்தோடு அவருடன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். அன்றைக்கு வீட்டு வேலை நடக்காது; அந்த நாள் கூலியைப் பிடிக்காதீர்கள்.